தாழ்ப்பாள் குறித்து மூத்த மைத்துனருக்கு ஒரு விளக்கம்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தாங்களும், வீட்டில் அக்காவும், தங்கள் முழங்காலைத் தவிர மற்ற அனைத்தும் நலமாக இருக்கும் என நம்புகிறேன். முழங்காலும் இதற்குள் குணமாகியிருக்கலாம். அதுபற்றிச் சமீபத்திய தகவல் என்னிடம் இல்லாததால் உறுதியாக எழுத இயலவில்லை.

கடந்த ஒன்பது நாட்களில் தங்கள் வீட்டுத் தொலைபேசிக்குப் பதினான்கு முறை அழைத்தேன். பதினான்கு முறையும் தாங்களே எடுத்து, "அவ குளிக்கிறா" என்றீர்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் நான்கு முறை. ஒரே நாளில் நான்கு முறை தலைக்குக் குளிப்பது அவள் உடம்புக்கு ஆகாது. அவளுக்குச் சளி பிடித்தால் மூன்று வாரம் நிற்கும் என்பதைத் தாங்களும் அறிவீர்கள். அவள் நடந்ததைத் தங்களிடம் தன் வழியில் சொல்லியிருப்பாள். அவள் சொல்லும் வழி எப்படிப்பட்டது என்று இப்போது இந்த ஊரில் இருநூறு பேருக்குத் தெரியும். என் தரப்பு எங்குமே பதிவாகவில்லை. ஆகவே இக்கடிதம். இதை அவளிடம் காட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் வைக்கும்போது தொடக்கத்திலிருந்து வைப்பதே முறை. நான் அருங்காட்சியகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகளாகப் பதிவாளர். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் கொடுப்பது, பதிவேட்டில் ஏற்றுவது, ஒரு பொருளை இருந்த இடத்திலிருந்து எடுத்தால் அந்த வெற்றிடத்தில் இடமாற்றச் சீட்டு வைப்பது என் வேலை. என்ன பொருள், என்ன நிலையில் இருக்கிறது, எங்கே போகிறது, என்று திரும்பும் என நான்கு வரி. கார்பன் தாள் வைத்து மூன்று படிகள். அங்கே என்னைச் 'சீட்டு சார்' என்று கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் காது இருக்கிறது, ஆனாலும் கண்டுகொள்வதில்லை. பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

எங்கள் புது இயக்குநர் அம்மா, வயதில் என் மகளைவிட இரண்டு வருடம்தான் பெரியவர், அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் வரவில்லை என்று கவலைப்பட்டு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 'பேய் மாலை' நடத்துவது என்று முடிவெடுத்தார். விளக்குகளைக் குறைத்து, ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பழங்கதை, பழைய பொருட்களுக்கு நடுவே ஆவி உலவுவது போல ஏற்பாடு. நான் எதிர்ப்புத் தெரிவித்து மூன்று குறிப்புகள் எழுதினேன். மூன்றிலும் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு நடந்த எதற்கும் நான் பொறுப்பல்ல, அல்லது முழுப் பொறுப்பல்ல. சனிக்கிழமை காலையிலிருந்து நான்கு பேர் ஏணி போட்டு ஏறி, பஞ்சைப் பிரித்துப் பிரித்து முதல் கூடம் முழுக்க ஒட்டடை தொங்கவிட்டார்கள். அது பற்றித் துப்புரவு வேலைக்கு வரும் அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த அம்மா மூன்று மணிக்கு நீளத் துடைப்பத்தோடு வந்து, இருபது நிமிடத்தில் மொத்தத்தையும் அடித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, இயக்குநரிடமே போய், "இத்தனை வருஷத்துல இவ்வளவு ஒட்டடை நான் விட்டதே இல்லம்மா, என்னை மன்னிச்சிடுங்க" என்று கண் கலங்கினார். காவலாளிதான் ஆவி. அவருக்குப் போர்த்த வெள்ளைத் துணி வேண்டும் என்று கேட்டார்கள், பண்டகசாலையிலிருந்து ஒரு பழைய விரிப்பைக் கொடுத்தேன், அதற்குப் பதிவு எண் இருந்ததால் கண்ணுக்கு ஓட்டை போட மட்டும் அனுமதிக்கவில்லை, அதன் விளைவாக ஆவிக்கு எதிரே இருந்தது எதுவும் தெரியாமல், இரண்டாம் கூடத்தில் பாடம் பண்ணி நிறுத்தியிருக்கும் கரடி மேல் மோதி, "மன்னிச்சுக்குங்க, பாக்கல" என்று அதனிடம் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டது. கூட்டம் சிரித்தது. புகை மெஷினைப் போட்டதும் தீ எச்சரிக்கை மணி அடித்தது. இதை என் இரண்டாவது குறிப்பில் அப்படியே எழுதியிருந்தேன். தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் நெருப்பு எங்கே என்று கேட்க, இயக்குநர் கதையைச் சொல்ல, அவர்களில் மீசைக்காரர் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "வந்தது வந்தாச்சு" என்று மூன்றாம் கூடத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் கூடத்தில்தான் கதவு இருக்கிறது. எண் நானூற்றுப் பன்னிரண்டு. ஆற்றோரம் இடிந்து போன ஒரு படகுக்காரர் வீட்டிலிருந்து வந்த மரக்கதவு, ஒரு தாழ்ந்த மேடை மேல் நிலையோடு நிற்கிறது. அங்கே கதை சொல்ல வேண்டிய நாடக நடிகருக்கு அன்று மாலை தொண்டை கட்டிவிட்டது. சாதாரணமாகக் கட்டவில்லை, "வரேன்" என்ற சொல்லைக்கூட எழுதித்தான் காட்டினார். இயக்குநருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து, நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கத் தங்கள் தங்கை வந்தாள். வந்தவள் கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் ஏதோ பேச்சுக் கொடுத்திருக்கிறாள். பத்து நிமிடம் கழித்து இயக்குநர் போய்ப் பார்த்தால், கவுண்டர் பெண் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள், வரிசையில் நின்றவர்களும் உள்ளே போகாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "நீங்க யாருங்க?" என்று இயக்குநர் கேட்டிருக்கிறார். "சீட்டு சார் வீட்டுக்காரி" என்றாளாம். எனக்கு முன்னால் அந்தப் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

மச்சான், (இதுவரை முறையாக எழுதிவிட்டேன், இனிமேல் கை வலிக்கிறது, மச்சான் என்றே எழுதுகிறேன்) உங்கள் தங்கை குடிநீர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் புகார்த் தொலைபேசி எடுக்கிறாள். குழாயில் தண்ணீர் வராத ஆத்திரத்தில் கத்துகிறவர்களை இரண்டே நிமிடத்தில் அடக்கிவிடுவாள் என்று அவளுடைய மேலதிகாரி ஒருமுறை என்னிடம் சொன்னார். அது அவளுடைய குரலால் என்று அன்று மாலைதான் எனக்குப் புரிந்தது. கதவுக்கு முன்னால் ஒரே ஒரு விளக்கு. அவள் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, சத்தமே இல்லாமல், பக்கத்து வீட்டு விஷயம் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தாள். வெள்ளத்தில் படகோட்டப் போனவன் திரும்பி வரவில்லை. எல்லோரும் தேடிவிட்டுக் கைவிட்டார்கள். ஒருநாள் பொழுது சாயும்போது கதவு தட்டப்படுகிறது. "நான்தான், திற" என்று அவன் குரல். அவன் பெண்டாட்டி திறக்கவில்லை. "நீதான்னா, கடைசியா போறப்ப என்ன சொல்லிட்டுப் போன, அதைச் சொல்லு" என்கிறாள். வெளியே இருப்பது தப்பாகச் சொல்கிறது. மறுநாளும் தட்டுகிறது, மறுநாளும் தப்பு. இப்படி ஆறு நாள். ஒவ்வொரு நாளும் அந்தக் குரலை உங்கள் தங்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுக்கு அருகே கொண்டுவந்தாள், அது எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, அவள் வாய் இங்கே இருக்கிறது, குரல் அந்தப் பக்கமிருந்து வருகிறது. ஏழாம் நாள் அந்தக் குரல் சொல்கிறது: "எனக்கு நேரமாகும். காத்திருக்காத. நீ சாப்பிட்டுப் படு."

அதுதான் சரியான பதில். அவன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது அதுதான். தீயணைப்புக்காரர் தலைக்கவசத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். உங்கள் தங்கை மெதுவாகத் திரும்பி, கையைத் தூக்கி, தாழ்ப்பாள் மேல் வைத்தாள்.

அப்போது நான் எழுந்தேன்.

"ஒரு சின்னத் திருத்தம்" என்றேன். "அந்தத் தாழ்ப்பாள் இந்தக் கதவோட வந்ததில்ல. கதவு வரும்போதே தாழ்ப்பாள் இல்ல. இது பழைய இரும்புக் கடையில நாங்க வாங்கிப் போட்டது. நானே போய் வாங்கினேன். பதிவேட்டுல இருக்கு."

யாரோ ஒருவர் பின்னாலிருந்து சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. அவள் கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு, புகார் சொல்கிறவர்களிடம் தொலைபேசியில் பேசுவாளே, அதே குரலில், "தகவலுக்கு நன்றிங்க. பதிஞ்சுக்கிறேன்" என்றாள். மேடையிலிருந்து இறங்கிக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுவிட்டாள்.

இதில் என் மேல் என்ன தவறு என்று நீங்களே நியாயமாகச் சொல்லுங்கள். எங்கள் விதிமுறைப் புத்தகத்தில் பதினான்காம் விதி, காட்சிப்பொருளைப் பற்றிக் கட்டடத்துக்குள் தவறான தகவல் கூறப்பட்டால் பதிவாளர் உடனடியாகத் திருத்த வேண்டும் என்கிறது. 'உடனடியாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தப் புத்தகத்தை எழுதியது நான்தான் என்றாலும் விதி விதிதான். இன்னொன்று, காட்சிப்பொருளைத் தொடக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அவள் தொட்டது தாழ்ப்பாளை, தாழ்ப்பாள் காட்சிப்பொருள் அல்ல, அதனால் அதற்கு நான் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை யாரும் பேசவில்லை.

பேருந்தில் அவள் சண்டை போடவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்னால், "கதை எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள். "அதான் சொன்னேனே, தாழ்ப்பாள் மட்டும்தான் தப்பு" என்றேன். ஒரு மணி நேரக் கதையில் ஒரே ஒரு தவறு. என் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் வாங்கியதில்லை, எங்கள் ஆய்வாளர்களைக் கேட்டுப் பாருங்கள். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் வீட்டில் ஆள் இல்லை. அவள் தலையணை மேல் ஓர் இடமாற்றச் சீட்டு இருந்தது. நான் வீட்டில் வைத்திருக்கும் சீட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்து, பேனாவால் நிரப்பியிருந்தாள். பொருள்: மனைவி, ஒன்று. நிலை: உபயோகத்தில் உள்ளது, ஓரிடத்தில் விரிசல், கையாளும்போது கவனம் தேவை. கொண்டு செல்லப்படும் இடம்: அண்ணன் வீடு. திரும்பும் நாள் என்ற இடம் காலியாக இருந்தது. இரண்டாவது படி சமையலறை அலமாரியில். மூன்றாவது படியை என் கோப்பிலேயே, தேதி வரிசையில், சரியான இடத்தில் துளை போட்டுச் செருகியிருந்தாள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. திரும்பும் நாள் எழுதாத சீட்டு செல்லாது. பிறகு அந்தக் கோப்பை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் அலுவலகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்த உதவியாளருக்கு மூன்றாவது படியை எங்கே செருக வேண்டும் என்று கடைசிவரை வரவில்லை. இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்யும்போது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மகளுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, அம்மா அந்தக் கதவைத் திறந்தாங்களா இல்லையா?" என்று கேட்டாள். "உனக்கு அதுவா முக்கியம்?" என்றேன். வைத்துவிட்டாள். இவள் மட்டுமல்ல, ஊரே இதைத்தான் கேட்கிறது. அன்றைக்குச் சிரித்தவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் கதை முடியவில்லை என்பது உறைத்திருக்கிறது. அந்தத் தீயணைப்புக்காரர் புதன்கிழமை வண்டியோடு வந்துவிட்டார். வாசலில் நின்று, "சார், திறந்தாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க, டூட்டியில மனசு ஒட்ட மாட்டேங்குது" என்கிறார். தெரியாது என்றேன். "வீட்டுல கேக்கலாமே சார்" என்கிறார். வீட்டில் யாரைக் கேட்பது. இயக்குநர் அம்மா என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அறைக்குக் கூப்பிட்டு, "சார், வர்ற சனிக்கிழமை மறுபடியும் வைக்கிறோம். அவங்க ஒருத்தர் கதை மட்டும்தான். அவங்க வருவாங்களா, நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றார். ஆக, இந்தக் கடிதம் அலுவல் நிமித்தமாகத்தான் எழுதப்படுகிறது. எனக்கு அந்தக் கதையின் முடிவில் தனிப்பட்ட அக்கறை எதுவும் இல்லை. பேய், ஆவி இவற்றில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும்.

வீட்டில் வேறு குறை ஒன்றும் இல்லை. சமைத்துக்கொள்கிறேன். பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது. நேற்று வானொலியில் செய்தி வாசித்தவர் ஒரு பாலத்தின் நீளத்தைத் தப்பாகச் சொன்னார். திருத்தினேன். அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார். இவளும் அப்படிக் காதில் வாங்காமல் தொடர்ந்திருக்கலாமே என்று தோன்றியது. அப்புறம் வேறொன்று நினைவுக்கு வந்தது, மச்சான், அதையும் எழுதிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் இவள் வேலைவிட்டு வந்ததும் அன்றைக்கு யார் யார் கூப்பிட்டார்கள், யார் திட்டினார்கள், எந்தக் கிழவர் தண்ணீர் வந்த பிறகும் பேச்சுத் துணைக்காகக் கூப்பிட்டார் என்று கொட்டித் தீர்ப்பாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். இடையில், "அந்தத் தெரு மேட்டுல இல்ல, பள்ளத்துல இருக்கு" என்பேன். "அந்தப் பக்கம் வியாழக்கிழமைதானே தண்ணி, நீ புதன்னு சொல்ற" என்பேன். வருடம் போகப் போக அவள் சொல்வது குறைந்தது. கடைசி ஐந்தாறு வருடமாக ஒன்றுமே சொல்வதில்லை. ஊரில் குடிநீர்ப் புகார்கள் குறைந்துவிட்டன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது யாதெனில், வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அவளை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைக்கவும். எனக்காக அல்ல, நிறுவனத்துக்காக. நிகழ்ச்சி முடிந்ததும் அவள் உங்கள் வீட்டுக்கே திரும்பிப் போக விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். தாழ்ப்பாள் விஷயத்தில் என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை. அன்று நான் எழுந்தது உண்மையின் பொருட்டே என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

தங்களுக்கும் அக்காவுக்கும் என் வணக்கங்கள். வீட்டில் உள்ள சிறியவர்கள் அனைவரும் கண் நிறைந்த தூக்கமும் வயிறு நிறைந்த சாப்பாடுமாகத் தழைத்திருக்க என் ஆசிகள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விட்டுவிடாமல் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
பதிவாளர் (பொருட்கள்).

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். இருக்கிறது. தாழ்ப்பாள் இரும்புக் கடையில் வாங்கியது என்பது மெய். அதற்காக எழுந்தேன் என்பது பொய். எனக்குப் பயமாக இருந்தது, மச்சான். அந்தக் கதவுக்குப் பின்னால் சுவர்தான் இருக்கிறது, அந்தச் சுவருக்கு வெள்ளை அடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன், திறந்தால் ஒரு சாண் இடம்கூடக் கிடையாது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் தாழ்ப்பாள் மேல் கை வைத்தபோது, இவள் இதைத் திறந்துகொண்டு போய்விடுவாள், இனிமேல் வர மாட்டாள் என்று தோன்றிவிட்டது. அங்கே இருநூறு பேரும் பயந்தார்கள், பயந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உட்காரத் தெரியவில்லை. வாயைத் திறந்தால் எனக்கு வருவது பதிவேடு ஒன்றுதான், அது வந்தது. அவள் போகக் கூடாதென்று எழுந்து, நானே அவளைப் போகவைத்துவிட்டேன். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். விதியை அடித்துவிடுங்கள், நிறுவனத்தை அடித்துவிடுங்கள், காட்ட வேண்டாம் என்று எழுதியதையும் அடித்துவிட்டு இந்தப் பக்கத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். சனிக்கிழமை அவள் கதவைத் திறக்கட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும் போலப் பயந்துகொண்டிருப்பேன் என்று சொல்லுங்கள்.